உடுப்புக்கு நாற்பதாண்டு, உழைப்புக்கு ஒரு பருவம்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் பிராங்கோ செஃபிரெல்லியின் 'லா போஎம்' 1981 டிசம்பரில் முதன்முதலாக மேடையேறியது. நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் அதே தயாரிப்பு அங்கே நடத்தப்பட்டு வருகிறது. வியன்னா அரசு ஓபராவில் 1958இல் தொடங்கிய 'டோஸ்கா' தயாரிப்பு 600 காட்சிகளைத் தாண்டிவிட்டது. இயக்குநர்கள் மறைந்துவிட்டார்கள். முதல் நாள் பாடியவர்களின் இடத்துக்குப் பல தலைமுறைப் பாடகர்கள் வந்து போய்விட்டார்கள். பீட்டர் ஜே. ஹால் 'லா போஎம்'முக்கும், நிக்கோலா பெனுவா 'டோஸ்கா'வுக்கும் வடிவமைத்த உடைகள் மட்டும் கிழிந்த இடம் தைக்கப்பட்டும் நைந்தவை புதிதாக்கப்பட்டும் உடல் மாறி உடல் மாறித் தொடர்கின்றன.

இப்படிப் பல்லாண்டு உழைக்க வேண்டிய உடைகளைத் தைப்பவர்களில் கணிசமானோர் மூன்று நான்கு மாத ஒப்பந்தத்தில் வேலைக்கு வருபவர்கள். அமெரிக்காவின் கோடைக்கால ஓபரா விழாக்களில் இதுவே வழக்கம். பருவம் தொடங்குமுன் வருவார்கள், உடைகள் மேடையேறியதும் கிளம்புவார்கள், அடுத்த ஆண்டு அழைப்பு வந்தால் திரும்புவார்கள். துணிக்கு நீண்ட ஆயுளும் தைப்பவருக்குக் குறுகிய வேலையும் என்ற இந்த ஏற்பாடு எப்படி உருவானது, அதன் செலவை யார் சுமக்கிறார்கள், வேறு வழி உண்டா என்பவை இக்கட்டுரையின் கேள்விகள்.

வெனிஸில் தொடங்கிய பருவம்

ஓபரா அரசவைகளைவிட்டுக் கட்டணம் செலுத்தும் பொதுமக்களிடம் வந்தது 1637இல், வெனிஸின் சான் காசியானோ அரங்கில். அந்த அரங்கின் ஆண்டுக்கணக்கு திருவிழாவோடு பிணைந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி, தவக்காலம் பிறக்கும்வரை நீளும் கார்னிவல் நாட்களே முதன்மைப் பருவம். வெளியூர்க்காரர்கள் நகரில் குவியும் அந்தச் சில வாரங்களில்தான் வசூல். அதற்குள் உடைகள் தயாராக வேண்டும், அதற்குப் பிறகு அவற்றுக்கு வேலை இல்லை.

அக்கால வெனிஸில் உடை என்பது ஓபரா முதலாளியின் பெருஞ்செலவுகளில் ஒன்று. ஆகவே எல்லா உடைகளும் விலைக்கு வாங்கப்படவில்லை. தைத்துக் கொடுத்த தையற்கலைஞரே உடைகளுக்கு உரிமையாளராக இருந்து, பருவத்துக்கு வாடகைக்கு விடும் ஒப்பந்தங்களும் இருந்தன. பருவம் முடிந்தால் உடை அவரிடமே திரும்பும், அடுத்த ஆண்டு அதைப் பிரித்து வேறொன்றாக்கி மறுபடி வாடகைக்கு விடலாம். வேலை பருவகாலத்ததாக இருந்தாலும், சரக்கு தைத்தவரின் கையில் இருந்தது. இன்றைய நிலையை எடைபோட இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பாலைநிலத்தில் ஒரு தையலறை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சான்டா ஃபே நகருக்குச் சற்று வடக்கே, ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் சான்டா ஃபே ஓபரா இருக்கிறது. ஜான் கிராஸ்பி என்ற இளம் இசை நடத்துநர் 1957 ஜூலை 3 அன்று 'மேடம் பட்டர்ஃபிளை'யுடன் அதைத் தொடங்கினார். முதல் அரங்கில் ஐந்நூறு பேர்கூட அமர முடியாது. 1967 ஜூலையில், பருவத்தின் நடுவே, அந்த அரங்கு எரிந்து போனது. எஞ்சிய காட்சிகளை நகரத்தில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடத்தி முடித்தார்கள். மறு ஆண்டே புதிய அரங்கு எழுந்தது. இப்போதுள்ளது 1998இல் திறந்த மூன்றாவது அரங்கு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்டது. மேலே கூரை உண்டு, பக்கங்கள் திறந்தவை. நாடகம் தொடங்கும்போது மேடைக்குப் பின்னால் சூரியன் மறைவது தெரியும்.

சுவரில்லாத அரங்கில் குளிர்காலத்தில் ஓபரா நடத்த முடியாது. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைதான் பருவம். வழக்கமாக ஐந்து ஓபராக்கள். ஒன்று முடிந்து அடுத்தது என்று வரிசையாக வராமல், இன்றைக்கு ஒன்று நாளைக்கு வேறொன்று என மாறி மாறி நடக்கும். ஐந்தின் முதற்காட்சிகளும் சுமார் ஐந்து வாரத்துக்குள் வந்துவிடும். வெளியூரிலிருந்து வரும் இரசிகர் ஒரே வாரம் தங்கி ஐந்தையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது இதன் வணிகக் கணக்கு.

இந்தக் கணக்கு தையலறையில் வேறு வடிவம் எடுக்கிறது. கோரஸில் பாடுபவர்கள் பயிற்சிக்கு வந்த இளம் பாடகர்கள். ஒருவரே இரண்டு மூன்று ஓபராக்களில் தோன்றுவார். ஒரு மாலை அவர் பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்பெயின் நகரவாசி, மறு மாலை கப்பல் மாலுமி, அதற்கடுத்த மாலை புராண உலகத்து ஆவி. உடலளவு ஒன்று, உடைகள் பல, ஒவ்வொன்றுக்கும் தொப்பி, காலணி, உள்ளுடை, தலைமுடி. ஆண்டு முழுவதும் இயங்கும் அரங்கு பல மாதங்களுக்குப் பரப்பிச் செய்யும் வேலையை இங்கே வசந்தத்தில் தொடங்கிக் கோடையின் நடுவில் முடித்தாக வேண்டும். எனவேதான் ஆண்டு முழுதும் சிறிதாக இருக்கும் தையலறை பருவத்துக்குள் பலமடங்கு பெருகுகிறது. கடைசி முதற்காட்சி முடிந்ததும் பெரும்பாலான தையல் மேசைகள் காலியாகிவிடும். அதன்பின் உடைகள் மேடைக்குப் பின்னால் உடுத்திவிடுவோர், துவைப்போர், பழுது பார்ப்போர் அடங்கிய வேறொரு குழுவின் பொறுப்பு.

ஒரு ரவிக்கையின் உட்புறம்

வடிவமைப்பாளர் தருவது ஓவியம். அதில் துணியின் விழுச்சி இருக்கும், தையல் இருக்காது. அதை உடையாக மாற்றும் முதல் ஆள் நம்மூர் கட்டிங் மாஸ்டரின் இடத்தில் இருப்பவர், அங்கே டிரேப்பர் என்பார்கள். பாடகரின் அளவுக்குப் பஞ்சு வைத்துப் பெருக்கிய பொம்மை உடலில் அவர் துணியைப் போர்த்தி, ஊசி குத்தி, வெட்டு வடிவத்தைக் கண்டுபிடிக்கிறார். அவருக்கு அடுத்தவர் துணியை வெட்டி, வேலையைப் பிரித்துக் கொடுத்து, தையலைச் சரிபார்ப்பார். அவருக்குக் கீழே தையற்காரர்கள். ஆண்களின் கோட்டு வேலைக்குத் தனி மேசை. சாயம் போடுபவர், தொப்பி செய்பவர், கவசமும் நகையும் செய்பவர், தலைமுடி செய்பவர் எல்லாம் தனித்தனிப் பிரிவு.

பட்டிலோ வெல்வெட்டிலோ கைவைக்கும் முன் காடாத் துணியில் ஒரு மாதிரி தைக்கப்படும். முதல் ட்ரையல் அதில்தான். சினிமா உடைக்கும் ஓபரா உடைக்கும் உள்ள வேறுபாடு இந்த அறையில் தெரியும். ஓபரா பாடகர் ஒலிவாங்கி இல்லாமல் முழு வாத்தியக் குழுவைத் தாண்டிக் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாட வேண்டும். அதற்கான மூச்சு விலாவையும் மேல்வயிற்றையும் விரிக்கிறது. ஆகவே அளவெடுப்பவர் டேப்பைச் சுற்றிவிட்டு மூச்சை முழுதாக இழுத்து நிறுத்தச் சொல்வார். இரண்டு அளவுகள் குறிக்கப்படும், சாதாரணமாக நிற்கும்போது ஒன்று, மூச்சு நிறைந்தபோது ஒன்று. கார்செட் இடுப்பை ஒடுக்கலாம், விலாவை ஒடுக்கக் கூடாது. கழுத்துப்பட்டி தொண்டையில் அழுத்தக் கூடாது. தொப்பி காதை மூடினால் பாடகருக்குத் தன் குரலும் வாத்தியமும் சரியாகக் கேட்காது. தொப்பியின் விளிம்பு அகலமானால் முகத்தில் நிழல் விழும். விறைப்பான டஃபேட்டா பாவாடை ஒவ்வொரு அசைவிலும் சரசரக்கும், மெல்லிய இடத்தில் பாட்டோடு போட்டியிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அழகு, பாடுபவர் உடலுக்கு இடைஞ்சலின்மை இரண்டையும் ஒரே தையலில் தீர்க்க வேண்டியிருக்கிறது.

தைத்து முடித்த ஒரு பெண் பாத்திரத்தின் ரவிக்கையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் இந்தத் தொழிலின் அறிவு முழுவதும் உட்புறத்தில் இருப்பது தெரியும். வெளியே பட்டு. அதன் ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் வலுவான பருத்தி ஒட்டிவைத்துத் தைக்கப்பட்டிருக்கும், இழுவிசை முழுவதையும் அதுதான் தாங்குகிறது. மூட்டுகளை ஒட்டி நாடாச் சுரங்கங்கள், அவற்றுக்குள் எஃகுப் பட்டைகள். அக்குள் பகுதியில் கழற்றித் துவைக்கக்கூடிய வியர்வைத் துணி. முதுகில் கயிறு கோக்கும் துளைகள், அல்லது உடை மாற்றும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்றால் பெரிய கொக்கிகளோ ஜிப்போ. கடைத்துணியில் அரை அங்குலம்கூட மிஞ்சாத பக்க மூட்டில் இங்கே ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை துணி வெட்டாமல் மடித்து விடப்பட்டிருக்கும். வளரும் பெண்ணின் ஜாக்கெட்டில் பிறகு பிரித்துவிட ஏதுவாக உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லும் அதே முன்யோசனைதான். கழுத்தோரத்தில் ஒரு சிறு வெள்ளைத் துணிப்பட்டி, அதில் ஓபராவின் பெயர், பாத்திரம், பாடகர் பெயர். அடுத்த பாடகர் வரும்போது மூட்டைப் பிரித்து விரிப்பார்கள் அல்லது பிடிப்பார்கள், பட்டியில் இன்னொரு பெயர் சேரும். பழைய உடைகளில் அப்படி நான்கைந்து பெயர்கள் வரிசையாக இருப்பதுண்டு. தைத்தவர் பெயருக்கு அந்தப் பட்டியில் இடம் இல்லை.

புதிதாகத் தைத்ததைப் பழையதாக்குவதும் இவர்களின் வேலை. ஏழை ஓவியனின் கோட்டு கடையிலிருந்து வந்ததுபோல் மேடையில் நிற்கக் கூடாது. முழங்கையை உப்புத்தாளால் தேய்ப்பார்கள், பாலாடைக்கட்டி துருவும் தகட்டால் விளிம்பைக் கிழிப்பார்கள், சாயத்தைத் தெளித்து அழுக்காக்குவார்கள். தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் உடைகளில் வியர்வை நாற்றம் போக, தண்ணீர் கலந்த வோட்காவைத் தெளித்துக் காயவிடுவது மேற்கத்திய அரங்குகளில் பரவலான பழக்கம். ஆல்கஹால் ஆவியாகும்போது நாற்றத்தைத் தரும் கிருமிகளும் குறையும்.

மற்ற எட்டு மாதங்கள்

இத்தனை திறமையும் வேண்டிய வேலை ஆண்டின் மூன்றில் ஒரு பங்குக் காலத்துக்குத்தான் என்றால், மீதி மாதங்களில் இவர்கள் என்ன செய்கிறார்கள்? சிலர் பல்கலைக்கழக நாடகத் துறைகளின் தையலறைகளில் வேலை பார்ப்பவர்கள். கல்லூரி ஆண்டு ஒன்பது மாதம் என்பதால் கோடை ஓபரா அவர்களுக்குப் பொருந்தி வருகிறது. சிலர் நியூயார்க்கில் பிராட்வே நாடகங்களுக்குத் தைக்கும் தனியார் பட்டறைகளுக்குப் போகிறார்கள். சிலர் குளிர்காலத்தில் நடக்கும் நகர ஓபராக்கள், பாலே குழுக்கள், திரைப்பட வேலை என்று ஊர் மாறுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் கிளிம்மர்கிளாஸ், மிசூரியின் செயின்ட் லூயிஸ் ஓபரா போன்ற பிற கோடை விழாக்களும் இதே ஆட்களைத்தான் தேடுகின்றன. பெட்டியில் சொந்தக் கத்தரிக்கோல், விரலுறை, ஊசிப்பெட்டியோடு ஊர் ஊராகப் போகும் ஒரு சுற்று இது.

சட்டமும் இந்தப் பருவத்தன்மையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கூடுதல் நேரக் கூலிக்கும் அடிப்படையான அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு நியாயமான உழைப்புத் தரச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத, அல்லது வருமானம் ஆண்டின் ஒரு பாதியில் மிகுதியாகக் குவியும் பொழுதுபோக்கு நிறுவனங்கள் அந்த இரண்டு கடமைகளிலிருந்தும் விடுபட அது வழி செய்கிறது. மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே செல்லும். இருந்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் பருவ வேலை என்பது சற்றுக் குறைந்த பாதுகாப்புக்கு உரிய வேலை என்ற எண்ணம் இதில் தெளிவு. அந்த நாட்டில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் முதலாளி வழியாகவே கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒப்பந்தம் முடியும்போது கூலியோடு காப்பீடும் முடிந்துவிடக்கூடும். ஊசியும் கத்தரியும் பிடித்து மணிக்கட்டு தேய்ந்துபோகும் தொழிலில் இது சிறிய விஷயம் அல்ல.

இத்தொழிலில் பெண்களே பெரும்பான்மை. நாடகத் தொழிலின் மற்ற தொழில்நுட்பப் பிரிவுகளோடு ஒப்பிடும்போது உடைப் பிரிவுக்குக் கூலி குறைவு என்பதைக் காஸ்ட்யூம் புரொஃபெஷனல்ஸ் ஃபார் வேஜ் எக்விட்டி என்ற அமைப்பு தொடர்ந்து எடுத்துக்காட்டி வருகிறது. ஊசி வேலை வீட்டு வேலையின் நீட்சி என்ற பழைய எண்ணம் இதற்கு ஒரு காரணம். இன்னொன்று, வேலை கண்ணில் படாமல் இருப்பது. வடிவமைப்பாளரின் பெயர் சுவரொட்டியில் வரும், தைத்தவர் பெயர் கையேட்டின் பின்பக்கப் பட்டியலில் சிறு எழுத்தில் வந்தால் உண்டு.

2020இல் பெருந்தொற்று வந்தபோது இந்த ஏற்பாட்டின் பலவீனம் ஒரே வீச்சில் வெளிப்பட்டது. சான்டா ஃபே ஓபரா 1957இல் தொடங்கியபின் முதன்முறையாக முழுப் பருவத்தையும் இரத்து செய்தது. மறு ஆண்டு ஐந்துக்குப் பதில் நான்கு ஓபராக்களோடு திரும்பியது. பருவ ஊழியருக்கு இரத்தான பருவம் என்றால் தொடங்காத வேலை. அந்த மாதங்களில் பல நாடுகளின் அரங்கத் தையற்காரர்கள் மருத்துவமனைகளுக்கு முகக்கவசமும் பணியுடையும் தைத்துக் கொடுத்தார்கள். அவர்களின் திறமை சமுதாயத்துக்கு வேண்டியதுதான் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. அந்தத் திறமைக்கு உரிய கூலி எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை.

முதலாளி பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு மாத டிக்கெட் வருமானத்தையும் நன்கொடையையும் நம்பி நடக்கும் நிறுவனம் நூற்றுக்கணக்கானவர்களைப் பன்னிரண்டு மாதம் வைத்திருக்க முடியாது. விழாத் தையலறை ஒரு பள்ளிக்கூடமும்கூட. சான்டா ஃபே ஓபரா 1965 முதல் மேடைத் தொழில்நுட்பத்துக்கும் பயிற்சித் திட்டம் நடத்தி வருகிறது, உடைத் தையலும் அதில் அடக்கம். ஒரே கோடையில் ஐந்து காலத்து உடைகளைக் கற்கும் வாய்ப்பு நிலையான பட்டறைகளில் எளிதில் கிடைக்காது. புத்தகத்தில் இல்லாத நுணுக்கங்கள் மேசைக்கு மேசை, கைக்குக் கை மாறுவது இங்கேதான்.

உடை பயணம் போகிறது

தைத்தவர் ஊருக்குப் போன பிறகு உடையின் சம்பாத்தியம் தொடங்குகிறது. புதிய தயாரிப்பின் செலவை இரண்டு மூன்று அரங்குகள் பகிர்ந்துகொள்வதும், முடிந்த தயாரிப்பை மற்ற ஊர்களுக்கு வாடகைக்கு விடுவதும் இன்றைய ஓபராவின் பொருளாதாரம். தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு, ஜார்ஜ் பிஸேயின் 'முத்துக்குளிப்போர்'. 1863இல் பாரிஸில் மேடையேறிய இந்த ஓபராவின் கதை இலங்கைக் கடற்கரையில் நடக்கிறது. எழுதியவர்கள் முதலில் மெக்சிகோவைத்தான் களமாக வைத்திருந்தார்கள், பிறகு மாற்றினார்கள். மன்னார் வளைகுடாவில் உண்மையில் முத்துக் குளித்தவர்களோடு அதன் பாத்திரங்களுக்குத் தொடர்பில்லை. ஆகவே அதன் உடைகள் எப்போதும் வடிவமைப்பாளரின் கற்பனைக் கீழைநாடுதான். ஆங்கில ஆடை வடிவமைப்பாளர் சாண்ட்ரா ரோட்ஸ் 2004இல் சான் டியேகோ ஓபராவுக்காகப் பளிச்சென்ற நிறங்களில் உருவாக்கிய தயாரிப்பு அதன்பின் அமெரிக்காவின் பல நகர ஓபராக்களில் மேடையேறியது. ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் பாடகருக்கு மூட்டைப் பிரித்துச் சேர்க்க வேண்டியிருந்திருக்கும். உள்ளே துணி விட்டுத் தைத்த முன்யோசனைக்கு அங்கேதான் பலன். இப்படிச் சுற்றும் தயாரிப்புகளின் வாடகை தயாரிப்பை உடைய நிறுவனத்துக்குச் சேரும். வெனிஸின் தையற்கலைஞர் உடையின் உரிமையாளராக இருக்க முடிந்தது. இன்றைய தையற்காரருக்கு மணிக்கூலி வாங்கியதோடு கணக்கு முடிந்தது.

காலம் கடந்தபின் உடைக்கு அருங்காட்சியகமும் கிடைக்கிறது. பிரான்ஸின் மூலான் நகரில் பழைய குதிரைப்படை முகாமொன்றில் 2006இல் திறந்த தேசிய மேடையுடை மையம் சுமார் 10,000 உடைகளைப் பாதுகாக்கிறது. 1926இல் மிலானின் லா ஸ்காலாவில் நடந்த 'டுரான்டாட்' முதற்காட்சிக்காகக் கராம்பாவின் உடைப்பட்டறை தைத்தவற்றில் சில மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, 2021இல் இத்தாலியின் பிராட்டோ துணி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பட்டறைக்காரர் கராம்பாவின் பெயர் நிலைத்தது. அவரது பட்டறையில் மணி கோத்த கைகளின் பெயர்கள் நிலைக்கவில்லை.

வேறு இரண்டு வழிகள்

பருவ ஒப்பந்தம் ஒன்றுதான் வழி என்பதில்லை. மிலானின் லா ஸ்காலா ஓபரா 2001 முதல் பழைய ஆன்சால்டோ தொழிற்சாலைக் கட்டடத்தில், சுமார் 20,000 சதுர மீட்டர் பரப்பில், தன் பட்டறைகளை ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கிறது. தச்சர், சிற்பி, ஓவியர், தையற்காரர் எல்லோரும் அங்கே ஒன்றாக வேலை செய்கிறார்கள். 60,000க்கும் மேற்பட்ட உடைகள் அங்கேயே சேமிக்கப்படுகின்றன. வியன்னாவில் அரசு அரங்குகளுக்குப் பொதுவான பட்டறையாக ஆர்ட் ஃபார் ஆர்ட் என்ற நிறுவனம் 1999 முதல் இயங்குகிறது. பல அரங்குகளின் தேவை ஒரு பட்டறைக்கு வரும்போது ஓர் அரங்கின் ஓய்வுக்காலம் இன்னோர் அரங்கின் வேலைக்காலம் ஆகிறது. இதற்கு அரசுப் பணம் வேண்டும், ஆண்டு முழுதும் ஓபரா பார்க்கும் நகரம் வேண்டும். சான்டா ஃபேயின் மலையில் இதை அப்படியே நட முடியாது.

பிரான்ஸ் காட்டும் வழி வேறு. அங்கே கலைத்துறையில் விட்டுவிட்டு வேலை செய்பவர்களுக்கு வேலையின்மைக் காப்பீட்டில் தனி விதிகள் உண்டு. 1936இல் திரைப்படத் தொழிலாளரோடு தொடங்கிய இந்த ஏற்பாடு பின்னர் மேடைக்கும் விரிந்தது. பன்னிரண்டு மாதத்தில் 507 மணிநேரம் வேலை செய்ததைக் காட்டினால், வேலையற்ற நாட்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். பாடகருக்கு மட்டுமல்ல, தையற்காரருக்கும் உடுத்திவிடுபவருக்கும் இந்த உரிமை உண்டு. 2003இல் இந்த விதிகளைக் கடுமையாக்க முயன்றபோது கலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அந்த ஆண்டின் அவிஞ்ஞோன் நாடக விழாவும் எக்ஸ்-ஆன்-பிரோவான்ஸ் ஓபரா விழாவும் இரத்தாயின. பெருந்தொற்றின்போது அரசு இந்த உரிமைகளை 2021 இறுதி வரை நீட்டித்தது. இத்திட்டத்தில் வசூலைவிடச் செலவு அதிகம் என்று முதலாளிகள் சங்கங்கள் நெடுங்காலமாகக் குறைகூறி வருகின்றன, நிறுவனங்கள் நிலையான வேலையைத் தவிர்க்க இதைப் பயன்படுத்துவதாகவும் விமர்சனம் உண்டு. இருந்தும் ஓர் அடிப்படைக் கருத்தை இது நிலைநாட்டியிருக்கிறது: பருவ வேலையில் வேலையற்ற மாதங்களும் தொழிலின் பகுதியே. அடுத்த பருவத்துக்குத் திறமையைக் காத்து வைத்திருப்பவர் அந்தத் தொழிலாளி, அதற்கான செலவில் தொழிலுக்கும் பங்கு உண்டு.

வெனிஸ், சான்டா ஃபே, மிலான், பிரான்ஸ் நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். ஓபரா பருவத்தைவிட்டு வெளியேற முடியாது. திருவிழா, வானிலை, சுற்றுலா ஆகியவை அதைத் தீர்மானிக்கின்றன. பருவம் முடிந்தபின் வரும் வெறுமையை யார் சுமப்பது என்பதைச் சட்டமும் ஒப்பந்தமும் தீர்மானிக்கின்றன, அதை மாற்ற முடியும். மீண்டும் அழைக்கப்படும் உரிமை, ஒப்பந்தங்களுக்கு இடையே அறுபடாத மருத்துவக் காப்பீடு, உடை வாடகையில் தைத்தவர்களுக்கான நலநிதிக்கு ஒரு சிறு பங்கு, கழுத்தோரத் துணிப்பட்டியில் தைத்தவர் பெயர் ஆகிய நான்கும் எந்த ஓபரா நிறுவனத்தையும் திவாலாக்காது. நாற்பது ஆண்டு உழைக்கும் உடுப்பை விரும்பும் அரங்கு, அதைத் தைப்பவரின் அடுத்த எட்டு மாதத்துக்கும் பொறுப்பேற்கக் கடமைப்பட்டிருக்கிறது.